மடிக்கணினியில் பதிவுக் கோப்புகள் தானாகச் சுழலாமல் போவது ஏன்? காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வியின் சாரம் இது. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு 22.04 லினக்ஸ் போட்டிருக்கிறார். மாந்தோப்பின் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வந்தது, எப்போது போனது என்பதைப் பத்து விநாடிக்கு ஒரு வரியாகக் குறித்துவைக்கும் பைத்தான் நிரல் ஒன்றைத் தானே எழுதி அதில் ஓடவிட்டிருக்கிறார். ஒரு நாள் 120 ஜிபி எஸ்எஸ்டி முழுவதும் நிரம்பிவிட்டது. கணினிக்குள் நுழையவே முடியவில்லை. பார்த்தால் /வார்/லாக் அடைவில் கணினியின் பொதுப் பதிவான சிஸ்லாக் கோப்பு மட்டும் 41 ஜிபி. பதிவுக் கோப்புகளைச் சுழற்ற வேண்டிய, அதாவது பழையதை ஒதுக்கிவைத்துப் புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டிய, லாக்ரொட்டேட் நிறுவப்பட்டிருக்கிறது. வாராந்திரச் சுழற்சி என்று எழுதியும் இருக்கிறது. கையால் கட்டாயப்படுத்தினால் சிஸ்லாக் சுழல்கிறது, தானாகச் சுழல்வதில்லை. மோட்டார் பதிவோ கட்டாயப்படுத்தினாலும் அசைவதில்லை. என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டாயப்படுத்தும் அந்த ‘மைனஸ் எஃப்’ கட்டளையை இன்றோடு நிறுத்துங்கள். சிஸ்லாக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரலுக்கான உங்கள் அமைவில் பழைய பிரதிகள் நான்கை மட்டும் வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறை கட்டாயப்படுத்தும்போதும் வரிசையின் கடைசியில் இருக்கும் பிரதி அழிகிறது. ஒரே மாலையில் ஐந்து முறை கட்டாயப்படுத்தினால், ஒரு மாதப் பதிவு இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒரு மாலையின் பதிவு மட்டுமே மிஞ்சும். சிக்கல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டியிருக்கக்கூடிய வரிகள் அப்படித்தான் போய்விடுகின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை லாக்ரொட்டேட்டை எதையும் செய்யச் சொல்லாதீர்கள்; என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க மட்டும் செய்யுங்கள். அதற்கென்றே ‘மைனஸ் டி’ இருக்கிறது. அதைச் சேர்த்து இயக்கினால் எந்தக் கோப்பையும் தொடாமல், எதைப் படித்தேன், எதைச் சுழற்றுவேன், எதை ஏன் விட்டுவிடுவேன் என்று வரிவரியாகச் சொல்லும்.

லாக்ரொட்டேட் எப்போதும் விழித்திருந்து கோப்புகளைக் கண்காணிக்கும் காவல்காரர் அல்ல. மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வருபவரைப் போல, குறித்த நேரத்தில் வந்து, கையிலுள்ள குறிப்பேட்டைப் பார்த்து, வேலை இருந்தால் செய்துவிட்டுப் போய்விடும். ஆகவே தானாகச் சுழலவில்லை என்றால் அது வந்ததா, வந்தும் உள்ளே நுழைந்ததா, குறிப்பேடு சரியாக இருந்ததா, கோப்பைத் தொட அதற்கு அனுமதி இருந்ததா, கடைசியாக, அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பை விட்டுக்கொடுத்ததா என்று இந்த வரிசையில்தான் கேட்டுப் போக வேண்டும். உங்கள் வீட்டில் சிஸ்லாக் இரண்டாவது இடத்தில் நிற்கிறது. மோட்டார் பதிவு நான்காவது இடத்தில் நிற்கிறது. அதனால்தான் இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

கேள்வியின் நடுவில், பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: இடி மின்னலுக்குப் பயந்து ஒரு கோடையில் தொடங்கிய பழக்கமாக, இப்போதும் தினமும் இரவு பத்து மணிக்கு அம்மா எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுவார், புது பேட்டரி போட்டிருப்பதால் கணினி விடியும் வரை தாங்கிக்கொள்கிறது என்று. நீங்கள் ஒட்டியிருந்த அமைவுக் கோப்புகள் அனைத்தையும்விட எனக்குப் பயன்பட்டது அந்த வரிதான். பழைய உபுண்டு 18.04-இல் லாக்ரொட்டேட்டை அழைத்தது, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் க்ரான். 20.04-லும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் அந்த வேலையை பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாக்ரொட்டேட்.டைமர் என்ற டைமர் செய்கிறது. அது நாளுக்கு ஒரு முறை, நள்ளிரவை ஒட்டி ஒலிக்கும். அது எழுப்பும் லாக்ரொட்டேட்.சர்வீஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். மேல்பகுதியிலேயே ‘கண்டிஷன்ஏசிபவர்’ என்று ஒரு வரி ‘ட்ரூ’ என்ற மதிப்போடு இருக்கும். கணினி சார்ஜரில் ஓடினால் மட்டுமே இந்த வேலையைத் தொடங்கு, பேட்டரியில் ஓடினால் விட்டுவிடு என்பது அதன் பொருள். பெரிய கோப்புகளைச் சுருக்குவது பேட்டரியைத் தின்னும் என்பதால் நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட வரி அது. ஆனால் உங்கள் வீட்டில் நள்ளிரவில் டைமர் ஒலிக்கும் ஒவ்வொரு நாளும் கணினி பேட்டரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் லாக்ரொட்டேட் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது.

இதில் ஏமாற வைக்கும் ஒரு விஷயம் உண்டு. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ என்று கேட்டால், லாக்ரொட்டேட்.டைமர் கடைசியாக நேற்று நள்ளிரவில் ஒலித்தது, அடுத்து இன்று நள்ளிரவில் ஒலிக்கும் என்று எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே காட்டும். டைமர் ஒலித்தது என்னவோ உண்மைதான். வேலை நடந்ததா என்பது வேறு கேள்வி. விட்ட முறையைக் கணினி தொடங்கியதும் ஈடுகட்டும் ‘பெர்சிஸ்டன்ட்’ வசதி அந்த டைமரில் இருந்தாலும், கணினி அணைந்திருந்ததால் ஒலிக்காமல் போன முறைக்கு மட்டுமே அது உதவும். ஒலித்து, நிபந்தனையில் தோற்ற முறைக்கு உதவாது. உண்மையைத் தெரிந்துகொள்ள ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு லாக்ரொட்டேட்.சர்வீஸ்’ என்று கேளுங்கள். நிபந்தனை நிறைவேறாததால் பதிவுச் சுழற்சி தவிர்க்கப்பட்டது என்ற பொருளில், நாள் தவறாமல் ஒரு வரி நின்றுகொண்டிருக்கும். கையால் இயக்கும்போது இந்த சர்வீஸ் கோப்பின் வழியாக நீங்கள் போவதில்லை. நிரலை நேராக அழைக்கிறீர்கள். அதனால்தான் கையால் நடப்பது தானாக நடக்கவில்லை.

தீர்வாக அந்த நிபந்தனையையே நீக்கிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு வேறு கருத்து. நிபந்தனையை அப்படியே விட்டுவிட்டு, டைமரை நாளுக்கு ஒரு முறை என்பதிலிருந்து மணிக்கு ஒரு முறை என்று மாற்றுங்கள். விடிந்து பிளக்கைச் செருகியதும் அடுத்த முறை வரும்போது வேலை நடந்துவிடும். அம்மாவின் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம், இரவில் பேட்டரியும் வீணாகாது. ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் லாக்ரொட்டேட்.டைமர்’ என்று திறந்து, டைமர் என்ற தலைப்பின்கீழ் முதலில் ‘ஆன்காலண்டர்’ என்று எழுதிச் சமக்குறிக்குப் பின் எதுவும் இல்லாமல் ஒரு வரி விடுங்கள். அடுத்த வரியில் அதே சொல்லை எழுதி ‘அவர்லி’ என்ற மதிப்பைக் கொடுங்கள். வெறுமையான அந்த முதல் வரிதான் பழைய நேரத்தை அழிக்கிறது. அதை விட்டுவிட்டால் புதியது பழையதோடு சேர்ந்துகொள்ளுமே தவிர அதற்குப் பதிலாக அமராது. மணிக்கு ஒரு முறை வந்தாலும் வாராந்திரம் என்று எழுதிய கோப்பு வாரத்துக்கு ஒரு முறைதான் சுழலும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் வாராந்திரச் சுழற்சி ஒழுங்காக நடந்திருந்தாலும் உங்கள் வட்டு நிரம்பித்தான் இருக்கும். நீங்கள் ஒட்டியிருந்த சிஸ்லாக் வரிகள் மூன்றும் ஒரே செய்தி: பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் ஒரு பிழை, தானாகத் திருத்தப்பட்டது. இது மடிக்கணினிகளில் பலர் சந்தித்த கோளாறு. வைஃபை அட்டை போன்ற ஏதோ ஒரு பாகத்துக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான இணைப்பு அடிக்கடி தடுமாறும். வன்பொருள் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் எழுதிவைக்கும். விநாடிக்குப் பல முறை நடந்தால் நாளொன்றுக்குப் பல ஜிபி சேர்ந்துவிடும். உபுண்டுவில் கெர்னல் செய்திகள் சிஸ்லாக்கிலும் எழுதப்படும், கெர்ன்.லாக் கோப்பிலும் எழுதப்படும். ஆகவே பக்கத்திலேயே ஏறத்தாழ அதே அளவுக்குக் கெர்ன்.லாக் வளர்ந்து நிற்கும். 120 ஜிபி எப்படித் தீர்ந்தது என்பதற்கு அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெருகி வரும் வெள்ளத்துக்கு மதகைத் திருத்துவதோடு, வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் கெர்னலுக்கான வரியில் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்’ என்பதற்கு ‘ஆஃப்’ என்ற மதிப்பைச் சேர்த்து, ‘அப்டேட்-க்ரப்’ கட்டளையை இயக்கி, மறுதொடக்கம் செய்து பாருங்கள். இணைப்பின் மின்சிக்கன முறையை அது அணைக்கும். பேட்டரி சற்று விரைவாகக் குறையலாம், ஆனால் பல கணினிகளில் பிழையே நின்றுவிடுகிறது. அதிலும் நிற்காவிட்டால் ‘பிசிஐ’ என்பதற்கு ‘நோஏஇஆர்’ என்று கொடுக்கலாம். இது பிழையை நிறுத்துவதில்லை, அதைப் பற்றிய செய்தியை மட்டும் நிறுத்துகிறது. நாளை ஏதாவது பாகம் உண்மையாகவே கெட்டுப்போனாலும் சொல்லாது என்பதால் இதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

மதகையும் திருத்துவோம். /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி அடைவில் ஆர்சிஸ்லாக் என்ற கோப்பில் ‘மேக்ஸ்சைஸ் 200எம்’ என்று ஒரு வரி சேருங்கள். வாரம் முடியாவிட்டாலும் 200 எம்பியைத் தாண்டினால் சுழற்று என்பது அதன் பொருள். ‘மின்சைஸ்’ என்பது வேறு. வாரமும் முடிந்திருக்க வேண்டும், அளவும் எட்டியிருக்க வேண்டும் என்று கேட்கும். வெறும் ‘சைஸ்’ என்பதைக் கடைசியில் எழுதினால் காலக் கணக்கையே ஒதுக்கிவிட்டு அளவை மட்டும் பார்க்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த அளவை எழுதினாலும் லாக்ரொட்டேட் வரும்போதுதான் அதை அளந்து பார்க்கும் என்பதால், மணிக்கு ஒரு முறை வரும் டைமர் இங்கேயும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இனி மோட்டார் பதிவு. அதன் அமைவுக் கோப்பை மட்டும் நேராகக் கொடுத்து ‘மைனஸ் டி’ சேர்த்து இயக்கும்போது அந்தக் கோப்பின் பெயருக்கு அருகில் பிழை ஒன்று தெரியும்: தாய் அடைவின் அனுமதிகள் பாதுகாப்பற்றவை, ஆகவே தவிர்க்கிறேன் என்று. உபுண்டுவில் நீங்கள் உருவாக்கும் அடைவு ஒவ்வொன்றும் இயல்பாக 775 என்ற அனுமதியோடு பிறக்கிறது. அதாவது உங்கள் குழுவுக்கும் எழுதும் உரிமை உண்டு. ரூட் எனப்படும் முழு நிர்வாகியின் உரிமையோடு இயங்கும் லாக்ரொட்டேட், அமைவில் ‘எஸ்யு’ என்ற வரி இல்லாவிட்டால், ரூட் அல்லாத ஒரு குழு எழுதக்கூடிய அடைவில் கை வைக்காது. அங்கே யாராவது கோப்பின் இடத்தில் வேறொன்றைக் காட்டி, ரூட்டின் கையாலேயே தவறான கோப்பை அழிக்க வைக்க முடியும் என்பதுதான் காரணம். அது சரியான எச்சரிக்கை. 777 என்று அனுமதியை மேலும் திறந்துவிட்டால் நிலைமை மோசமாகும். உங்கள் அமைவில் ‘எஸ்யு’ என்று எழுதி, அதே வரியில் உங்கள் பயனர் பெயரையும் குழுப் பெயரையும் கொடுங்கள். அதற்குப் பின் லாக்ரொட்டேட் அந்தக் கோப்பை உங்கள் உரிமையோடு மட்டுமே தொடும்.

அனுமதி கிடைத்தபின் அடுத்த கண்ணி காத்திருக்கிறது. சுழற்சி என்றால் கோப்பின் பெயரை மாற்றுவதுதான். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் உங்கள் பைத்தான் நிரலுக்குப் பெயர் மாறியது தெரியாது. அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். புதிய கோப்பு காலியாகவே கிடக்கும். இதற்காக ‘காப்பிட்ரங்கேட்’ என்று எழுதச் சொல்வார்கள்: பிரதி எடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கும் முறை அது. பிரதி எடுத்து முடிவதற்கும் காலியாக்குவதற்கும் இடையில் எழுதப்படும் வரி தொலைந்துபோகும். அதைவிட, நீங்கள் காட்டிய நிரலில் கோப்பை ‘டபிள்யூ’ முறையில் திறந்திருக்கிறீர்கள். அப்படித் திறந்த நிரல், கோப்பு காலியானபின்னும் தான் விட்ட இடத்திலிருந்தே எழுதும். நடுவில் வெற்றிடம் உண்டாகி, ‘எல்எஸ்’ கட்டளையில் கோப்பு பழைய பெரிய அளவையே காட்டும். ‘டியு’ கட்டளையில் சில கேபி மட்டுமே காட்டும். சுழன்ற பின்னும் அளவு குறையவில்லையே என்று மண்டையைக் குடைந்துகொள்ள வைப்பது இதுதான். மேலும், கரண்ட் போய் நிரல் மறுபடி தொடங்கினால் ‘டபிள்யூ’ முறை அதுவரை எழுதிய அனைத்தையும் அழித்துவிடும். மும்முனை மின்சாரம் எந்த நாளில் எத்தனை மணி நேரம் வந்தது என்ற உங்கள் பதிவு, பாசனத்துக்கு நீங்கள் திட்டமிடும் அடிப்படை. அதில் ஒரு வரிகூடத் தொலையக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆகவே நிரலிலேயே மாற்றுங்கள். பைத்தானின் லாகிங் தொகுப்பில் ‘வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லர்’ என்று ஒன்று உண்டு. லாக்ரொட்டேட் போன்றவற்றோடு ஒத்துப்போவதற்காகவே எழுதப்பட்டது. ஒவ்வொரு வரியை எழுதும் முன்னும் கோப்பு இடம் மாறிவிட்டதா என்று பார்த்து, மாறியிருந்தால் புதிதாகத் திறந்துகொள்ளும். இயல்பாகவே இறுதியில் சேர்க்கும் முறையில்தான் திறக்கும். அது தானே கோப்பை உருவாக்கிக்கொள்வதால் அமைவில் ‘நோகிரியேட்’ என்று எழுதிவிடுங்கள். அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து விநாடிக்கு ஒரு வரி என்றால் நாளொன்றுக்கு 8,640 வரிகள். வரிக்கு 50 பைட் என்று வைத்தாலும் ஒரு மாதத்துக்குச் சுமார் 13 எம்பி. இதற்கு அளவு வரம்பே தேவையில்லை. மாதம் ஒரு முறை சுழற்றி, சுருக்கி, 24 பிரதிகள் வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுப் பதிவு கையில் இருக்கும். கோப்பின் பெயரை முழுமையாக எழுதுங்கள். அடைவுப் பெயருக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், சுழற்றி வைத்த பழைய பிரதிகளையும் புதியவை என்று எடுத்துச் சுழற்றி, வாலுக்கு வால் முளைத்த பெயர்களால் அடைவை நிரப்பிவிடும்.

அமைவைத் திருத்தும் முன் பழையதைப் பிரதி எடுத்து வைக்கும் நல்ல பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். அந்தப் பிரதியை லாக்ரொட்டேட்.டி அடைவுக்குள்ளேயே ‘ஆர்சிஸ்லாக்-பழையது’ என்பது போன்ற பெயரில் வைக்காதீர்கள். அதையும் அமைவாகவே படித்து, ஒரே கோப்புக்கு இரண்டு பதிவு என்று பிழை சொல்லி, இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடும். பெயர் ‘.பேக்’ என்று முடிந்தால் கண்டுகொள்ளாது என்றாலும், வீட்டு அடைவில் வைத்துவிடுவதே நிம்மதி. அமைவுக் கோப்பின் உரிமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும்; குழுவுக்கோ பிறருக்கோ எழுதும் அனுமதி இருந்தால் அந்தக் கோப்பையே படிக்காது.

குறிப்பேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தருமபுரியில் என் வீட்டு மேசைக் கணினியில் நடந்தது அதுதான். ஒரு மே மாத மழையில், யுபிஎஸ் பழுதுக்குப் போயிருந்த நேரத்தில், கரண்ட் போய்க் கணினி பட்டென்று அணைந்தது. அதன்பின் மூன்று மாதம் எதுவுமே சுழலவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. எந்தக் கோப்பைக் கடைசியாக எப்போது சுழற்றினேன் என்று லாக்ரொட்டேட் எழுதிவைக்கும் /வார்/லிப்/லாக்ரொட்டேட்/ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தபோது, முதல் வரியில் இருக்க வேண்டிய ‘லாக்ரொட்டேட் ஸ்டேட் வெர்ஷன் 2’ என்ற தலைப்புக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் நிறைந்திருந்தன. தலைப்பு வரி சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு நாளும் அது வெளியேறியிருக்கிறது. கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கினேன். அடுத்த முறை தானே புதிதாக எழுதிக்கொண்டது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குறிப்பேட்டில் இல்லாத கோப்பை முதன்முறை பார்க்கும்போது, கால அடிப்படையில் சுழல வேண்டியதாக இருந்தால், இன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு சுழற்றாமல் விட்டுவிடும். புதிதாக எழுதும் உங்கள் மோட்டார் அமைவுக்கும் இதே விதிதான். முதல் மாதம் சுழலவில்லையே என்று கலங்க வேண்டாம்.

இப்போதைக்கு வட்டு நிரம்பியிருப்பதால், இதையெல்லாம் செய்யும் முன் இடம் உண்டாக்க வேண்டும். சுருக்குவதற்கே காலியிடம் தேவை என்பதால் நிரம்பிய வட்டில் லாக்ரொட்டேட்டை நம்ப முடியாது. சிஸ்லாக்கின் கடைசி ஆயிரம் வரிகளை ‘டெய்ல்’ கட்டளையால் எடுத்து ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பை ‘ஆர்எம்’ போட்டு அழிக்காதீர்கள். ஆர்சிஸ்லாக் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை பெயர்தான் போகும், இடம் திரும்பாது. ஏற்கெனவே அப்படி அழித்திருந்தால், ‘எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல்1’ என்று கேட்டால் பெயரிழந்தும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கோப்புகள் தெரியும். ஆர்சிஸ்லாக்கை மறுதொடக்கம் செய்தால் அவை விடுபடும். அழிக்காமல் இருந்தால், ‘ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0’ என்று சிஸ்லாக்கையும் கெர்ன்.லாக்கையும் காலியாக்குங்கள். சிஸ்டம்டி தானே வைத்துக்கொள்ளும் பதிவான ஜர்னல் தனிக் கணக்கு; அதை லாக்ரொட்டேட் தொடுவதில்லை. இயல்பாக அது வட்டின் பத்தில் ஒரு பங்கையோ 4 ஜிபியையோ, எது குறைவோ அதைத் தாண்டாது. ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் வேக்யூம்-சைஸ்’ என்பதற்கு 500எம் என்று கொடுத்து அதையும் குறைக்கலாம். ஆனால் நிபந்தனை தவறியதைக் காட்டும் வரிகள் அந்த ஜர்னலில்தான் இருக்கின்றன என்பதால், அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு குறையுங்கள்.

டைமரை மாற்றிய மறுநாள் காலை, பிளக்கைச் செருகி இரண்டு மணி நேரம் கழித்து, லாக்ரொட்டேட்.சர்வீஸ் பற்றிய ஜர்னல் வரிகளையும், ஸ்டேட்டஸ் கோப்பில் சிஸ்லாக்குக்கும் மோட்டார் பதிவுக்கும் எதிரே உள்ள தேதிகளையும் பாருங்கள். இரவு வரிகள் தவிர்க்கப்பட்டதாகவும், காலை வரிகள் வேலை முடிந்ததாகவும் சொல்ல வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்த வரிகளை மாற்றாமல் அப்படியே அனுப்புங்கள். ‘மைனஸ் டி’ காட்டிய முழு விடையையும் சேர்த்து அனுப்பினால் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.